ரூவான் நகரில் ஒரு நாள்

கல்லுக்கு வாயில்லை என்பார்கள். ஆனால் சில நகரங்களில் கல்லும் மரமும் கண்ணாடியும் பேசுகின்றன. பிரான்சு நாட்டின் வடமேற்கே, நார்மண்டி மாநிலத்தில், சேன் ஆற்றங்கரையில் அமைந்துள்ள ரூவான் அத்தகைய ஒரு நகரம். கட்டடக் கலையைப் படிப்போர் கோதிக் பாணியின் வளர்ச்சி முழுவதையும் இந்த ஒரே ஊரில் கண்டுவிடலாம். நம்மைப் போன்ற மாணவியருக்கோ இவ்வூர் வேறொரு காரணத்தால் நெஞ்சில் பதியும். ஏறக்குறைய நம் வயதை ஒத்த ஒரு பெண், புனித ஜோன் ஆஃப் ஆர்க், சிறையிருந்ததும் தீர்ப்புப் பெற்றதும் தீக்கிரையானதும் இங்கேதான்.

தோழியரே! காலையில் சென்று மாலையில் திரும்பும் ஒருநாள் பயணமாக இந்நகரைச் சுற்றி வருவோம், வாருங்கள்.

காலை: எஞ்சி நின்ற ஒரு கோபுரம்

பாரீஸ் மாநகரின் சேன்-லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரூவான் வந்துவிடும். 1928-இல் திறக்கப்பட்ட ரயில் நிலையமே மணிக்கூண்டுடன் கூடிய அழகிய கட்டடம். வெளியே வந்து சிறிது தூரம் நடந்ததும் கூம்பு வடிவக் கூரையுடன் உருண்டு திரண்ட ஒரு கற்கோபுரம் எதிர்ப்படுகிறது. இதனை ‘ஜோன் கோபுரம்’ என்று அழைக்கிறார்கள்.

பிரெஞ்சு மன்னர் பிலிப் அகஸ்டஸ் 1204-இல் நார்மண்டியை வென்றபின் இங்கே ஒரு பெருங்கோட்டை கட்டினார். அக்கோட்டையில் இன்று முழுமையாக எஞ்சி நிற்பது இந்த ஒரு கோபுரமே. இதன் சுவர்கள் ஏறத்தாழ நான்கு மீட்டர் கனமுள்ளவை. வில்லும் அம்பும் கல்லெறி பொறிகளும் போர்க்கருவிகளாக இருந்த காலத்தில், சுவரின் கனமே அரசனின் பலம். மூலைகள் உள்ள கோபுரத்தின் மூலையைப் பகைவர் எளிதில் தகர்ப்பார்கள். வட்டமான கோபுரத்தில் மூலையே இல்லை. இவ்வுருண்டை வடிவத்தின் பொருள் அதுதான்.

ஜோன் அடைபட்டிருந்தது இதே கோட்டையில் இருந்த வேறொரு கோபுரத்தில். அது இப்போது இல்லை. ஆனால் 1431-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி அவளை அச்சுறுத்தியது இந்தக் கோபுரத்தில்தான். அவள் அஞ்சவில்லை. வலி தாங்காமல் எதையேனும் சொன்னாலும், அதைக் கட்டாயத்தின் பேரில் சொன்னதாகப் பின்னர் மறுத்துவிடுவேன் என்று தெளிவாகக் கூறிவிட்டாள். பத்தொன்பது வயது மதிக்கத்தக்க, பள்ளிக்கூடம் அறியாத ஒரு சிற்றூர்ப் பெண், கற்றறிந்த நீதிபதிகளின் முன் பேசிய பேச்சு இது.

செயின்ட் உவான்: ஒளியைத் தேடிய கட்டடம்

இங்கிருந்து கிழக்கே நடந்தால் செயின்ட் உவான் மடாலயக் கோயில். 1318-இல் தொடங்கப்பட்ட இதன் நீளம் ஏறக்குறைய 137 மீட்டர். உட்புற உயரம் 33 மீட்டர். உள்ளே கால் வைத்ததும் கண் தானாக மேல்நோக்கிச் செல்கிறது. சற்று முன் பார்த்த கோட்டைக் கோபுரத்துக்கும் இதற்கும் எத்துணை வேறுபாடு! அங்கே எங்கும் சுவர். இங்கே சுவரே இல்லையோ என்று ஐயுறும்படி எங்கும் கண்ணாடிச் சாளரங்கள்.

இது எவ்வாறு இயன்றது? கோதிக் கட்டடக் கலையின் நுட்பம் மூன்று செய்திகளில் அடங்கியிருக்கிறது.

முதலாவது, கூர்நுனி வளைவு. அரைவட்ட வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளும். இரு கைகளையும் உயர்த்திக் குவித்தாற்போன்ற கூர்நுனி வளைவோ பாரத்தின் பெரும்பகுதியைச் செங்குத்தாகக் கீழே இறக்கிவிடும். இரண்டாவது, விலா எலும்புகளைப் போன்ற கல் வரிகள். மேற்கூரையின் பாரம் இவ்வரிகளின் வழியே சென்று தூண்களில் இறங்குகிறது. ஆகவே தூண்களுக்கு இடைப்பட்ட சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை. மூன்றாவது, கோயிலுக்கு வெளியே நின்று கை நீட்டித் தாங்கும் வளைவு முட்டுகள். தூண்கள் வெளிப்புறமாகச் சாயாதபடி இவை பிடித்துக்கொள்கின்றன. கூரையின் பாரத்தை இம்மூன்றும் ஏற்றுக்கொள்வதால், சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடியை வைக்க முடிந்தது. கடவுள் ஒளியானவர் என்று நம்பிய மக்கள், அந்த ஒளி கோயிலுக்குள் வரக் கல்லையே ஒதுங்கி நிற்கச் செய்தார்கள்!

இக்கோயிலில் 1890-இல் கவாயே-கோல் என்னும் புகழ்பெற்ற கைவினைஞர் அமைத்த பேரிசைக்கருவி இன்றும் இசைவாணர்கள் தேடி வந்து வாசிக்கும் பெருமை உடையது.

கோயிலின் அருகே அன்று ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. 1431 மே 24-ஆம் நாள் ஜோனை அங்கே கொண்டுவந்து, மக்கள் முன்னிலையில் மேடை ஏற்றி, ஒரு தாளில் கையொப்பமிடச் சொன்னார்கள். இடாவிட்டால் அன்றே தீ. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; தன் பெயரை மட்டும் எழுதப் பழகியிருந்தாள். அவள் அடையாளமிட்ட தாள் சில வரிகளே கொண்டது என்று நேரில் கண்டவர்கள் பிற்காலத்தில் சாட்சி கூறினார்கள். வழக்கு ஏட்டில் காணப்படுவதோ நீண்ட அறிக்கை! எழுத்தறியாமை ஒரு பெண்ணை எவ்வளவு பெரிய ஆபத்தில் விட்டுவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

கையொப்பமிட்டபின் திருச்சபையின் சிறைக்கு மாற்றப்படுவோம் என்று அவள் நம்பினாள். ஆனால் ஆங்கிலேயப் படைவீரர் காவல் காத்த பழைய சிறைக்கே திருப்பி அனுப்பப்பட்டாள். நான்கு நாட்களில் அவள் மீண்டும் ஆண் உடை அணிந்திருப்பதாகக் குற்றம் சாட்டினார்கள். தன் குரல்களை மறுத்தது தவறு என்று அவளும் துணிந்து கூறினாள். அதன்பின் நடந்ததை மாலையில், அந்த இடத்திலேயே நின்று நினைப்போம்.

சாவையும் செதுக்கிய மரத் தச்சர்

செயின்ட் உவானிலிருந்து தெற்கே செல்லும் தெருக்கள் குறுகியவை. இருமருங்கிலும் மரச்சட்ட வீடுகள். ஓக் மரத்தால் முதலில் வீட்டின் எலும்புக்கூட்டை நிறுத்துவார்கள். நேர்ச்சட்டம், குறுக்குச் சட்டம், சாய்வுச் சட்டம் ஆகியவற்றை ஆணியின்றித் துளையும் முளையுமாகப் பொருத்தி, இடைவெளிகளைக் களிமண்ணும் வைக்கோலும் கலந்து அடைப்பார்கள். மண்ணுக்கு வெள்ளை பூசி மரத்துக்கு வண்ணம் தீட்டினால் வீட்டின் முகப்பே கோலமிட்டதுபோல் விளங்கும். இவ்வகை வீடுகள் இந்நகரில் ஏறத்தாழ இரண்டாயிரம் உள்ளன.

பழைய வீடுகள் சிலவற்றில் மேல்மாடி கீழ்மாடியைவிடத் தெருப்பக்கம் நீண்டிருக்கும். நகரத்துள் நிலத்துக்கு விலை அதிகம். அந்தரத்துக்கு விலை இல்லை! எனவே மாடிக்கு மாடி வெளியே நீட்டிக் கட்டினார்கள். எதிரெதிர் வீடுகளின் மேல்மாடிகள் நெருங்கிவிட, தெருவில் வெளிச்சமும் காற்றும் குறைந்தன. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வரிசைக்குத் தாவியது. 1520-இல் இவ்வாறு நீட்டிக் கட்டுவதற்குத் தடை வந்தது. ஆகவே மேல்மாடி நீண்டிருக்கும் வீட்டைக் கண்டால், அது தடைக்கு முற்பட்டது என்று நாமே காலம் கணித்துவிடலாம்.

இங்கே செயின்ட் மக்லூ கோயில் இருக்கிறது. 1437-இல் தொடங்கப்பட்ட இதன் பாணியைத் ‘தீக்கொழுந்து கோதிக்’ என்பர். சாளரங்களின் கல் வேலைப்பாடுகள் காற்றில் அசையும் சுடர்களைப் போல் நெளிந்து செல்வதால் இப்பெயர். முகப்பில் ஐந்து வளைவுகள் விசிறி விரித்தாற்போல் நிற்கின்றன.

இக்கோயிலுக்குப் பின்னால் ஒரு முற்றம். இதைச் சுற்றிலும் மரச்சட்டக் கூடங்கள். நடுவே மரங்கள், அமைதி. ஆனால் மரச்சட்டங்களை உற்றுப் பார்த்தால் திடுக்கிடுவோம்! மண்டையோடுகள், எலும்புகள், குழிவெட்டும் மண்வெட்டிகள் எல்லாம் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. 1348-இல் ஐரோப்பாவை அழித்த கொள்ளை நோயில் மாண்டோரைப் புதைத்த இடம் இது. 16-ஆம் நூற்றாண்டில் மீண்டும் நோய் பரவியபோது புதைக்க இடமின்றி, பழைய எலும்புகளைத் தோண்டி எடுத்துச் சேர்த்து வைப்பதற்காகக் கட்டிய கூடங்களே இவை.

இதே இடத்தில் பிற்காலத்தில் ஏழைச் சிறுவர்களுக்கான பள்ளி நடந்தது. 2014 வரை நுண்கலைக் கல்லூரியும் இங்கேயே இயங்கியது. சாவின் முற்றத்தில் பாடம் சொன்ன ஆசிரியரின் குரல் ஒலித்ததை எண்ணுகையில் மனம் ஒருவகை ஆறுதல் அடைகிறது.

நண்பகல்: அன்னை மரியின் பேராலயம்

குறுகிய தெரு வழியே சென்று திடீரென்று சதுக்கத்தில் நுழைந்தால், வானளாவ எழுந்து நிற்கிறது அன்னை மரியின் பேராலயம். இதன் முகப்பை ஓவியர் குளோது மொனே 1892, 1893 ஆண்டுகளில் எதிர்ப்புறக் கட்டடங்களின் சாளரத்தருகே அமர்ந்து, முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். காலை வெயிலில் ஒன்று, நண்பகலில் ஒன்று, மூடுபனியில் ஒன்று. கட்டடம் ஒன்றுதான், ஒளி மாறும்போது அது வேறாகிவிடுகிறது என்பதை உலகுக்குக் காட்டினார்.

முகப்பின் இரு கோபுரங்களும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கவனியுங்கள். இடப்புறம் உள்ள செயின்ட் ரோமன் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. எளிமையானது. வலப்புறத்தது 1485-இல் தொடங்கி 1506-இல் முடிந்தது, வேலைப்பாடு மிகுந்தது. இதன் பெயர் ‘வெண்ணெய்க் கோபுரம்’! தவக்காலத்தில் வெண்ணெய் உண்பது அக்காலத்தில் விலக்கப்பட்டிருந்தது. பால்வளம் மிக்க நார்மண்டி மக்கள் காணிக்கை செலுத்தி அதற்கு விலக்குப் பெற்றார்கள்; அக்காணிக்கையால் எழுந்தது இக்கோபுரம் என்பர். சிரிப்பதா, சிந்திப்பதா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

நடுவே உயர்ந்து நிற்கும் ஊசிக்கோபுரம் கல்லாலானது அன்று, வார்ப்பிரும்பாலானது. 1822-இல் இடி விழுந்து பழைய மரக் கோபுரம் எரிந்துபோயிற்று. அலவுவான் என்ற கட்டடக் கலைஞர், தீப்பிடிக்காத இரும்பால் அதை மீண்டும் எழுப்பத் திட்டமிட்டார். வேலை முடிய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1876-இல் முடிந்தபோது 151 மீட்டர் உயரத்துடன் உலகிலேயே மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. 1880-இல் ஜெர்மனியின் கொலோன் பேராலயம் அதை மிஞ்சியது. பிரான்சில் இன்றும் இதைவிட உயரமான கோயில் கோபுரம் இல்லை.

உள்ளே 13-ஆம் நூற்றாண்டின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைக் காணலாம். உருக்கிய கண்ணாடியில் கோபால்ட், செம்பு முதலியவற்றின் உப்புகளைக் கலந்து நீலமும் சிவப்பும் பச்சையும் பெற்றார்கள். துண்டுகளை வெட்டி ஈயப் பட்டைகளால் இணைத்தார்கள். யோசேப்பின் வரலாற்றைக் கூறும் சாளரத்தில், சார்த்ரு நகரைச் சேர்ந்த கிளமென்ட் என்ற கண்ணாடிக் கலைஞர் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். பெயர் சொல்லாமல் மறைந்த ஆயிரமாயிரம் கலைஞர் நடுவே இது அரியது. புனித ஜூலியனின் கதையைக் கூறும் மற்றொரு சாளரத்தை மீன் வணிகர்கள் காணிக்கையாக அளித்தார்கள். இவ்வூரில் 1821-இல் பிறந்த எழுத்தாளர் குஸ்தாவ் ஃபுளோபேர், 1877-இல் அக்கதையைச் சிறுகதையாக எழுதிப் புகழ் பெற்றார்.

இத்துணை அழகும் ஒருநாளில் அழிந்துபோக இருந்தது. 1944 ஏப்ரல் 19-ஆம் நாள் இரவில் விழுந்த குண்டுகளால் கோயிலின் தெற்குப் பக்கம் சிதைந்தது. ஜூன் முதல் நாள் செயின்ட் ரோமன் கோபுரம் எரிந்தது. முழுவதும் சரிந்துவிடுமோ என்று அஞ்சிய நிலையில், ஊரார் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து 1956-இல் மீண்டும் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். 2024 ஜூலை 11-ஆம் நாள், பழுதுபார்க்கும் பணியின்போது ஊசிக்கோபுரத்தில் தீப்பிடித்துப் புகை எழுந்தது. தீயணைப்பு வீரர் விரைந்து அணைத்ததால் பெருஞ்சேதம் இல்லை. எட்டு நூற்றாண்டுக் கோயில் நிற்கிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதே பொருள்.

பிற்பகல்: ஒற்றை முள் கடிகாரம்

பேராலயத்திலிருந்து மேற்கே செல்லும் தெருவின் குறுக்கே ஒரு வளைவு. அதன்மேல் தங்கம் மின்னும் பெருங்கடிகாரம். 1389-இல் செய்த பொறி இதனை இயக்கியது. இன்றுள்ள வளைவு 1520-களில் எழுந்தது. கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான்! நிமிடங்களை எண்ணாத காலம் அது. முள்ளின் நுனியில் ஓர் ஆட்டுக்குட்டி. கம்பளி நெசவால் செழித்த இந்நகரின் சின்னம் ஆடு. வளைவின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் நல்லாயன் தம் மந்தை நடுவே நிற்கும் சிற்பம் தெரியும். ஓடும் காலத்தின் கீழே நல்லாயன்! இதைவிட நல்ல மறையுரை உண்டோ?

பக்கத்தில் நீதிமன்ற மாளிகை. அதன் முற்றத்தைத் தோண்டியபோது 1976-இல், சுமார் 1100-ஆம் ஆண்டைச் சேர்ந்த யூதர் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. சுவரில் எபிரேய எழுத்துகள் இருந்தன. பிரான்சில் அறியப்பட்ட யூத நினைவிடங்களுள் இதுவே மிகப் பழமையானது. தன் அடியில் புதைந்தவர்களையும் நகரம் மறந்துவிடலாகாது என்று இது நினைவூட்டுகிறது.

மாலை: பழைய சந்தைச் சதுக்கம்

தெரு முடியும் இடத்தில் பழைய சந்தைச் சதுக்கம். 1431 மே 30-ஆம் நாள் காலை ஜோனை இங்கே கொண்டுவந்தார்கள். அவள் ஒரு சிலுவை கேட்டாள். ஆங்கிலேய வீரன் ஒருவன் இரண்டு குச்சிகளைக் கட்டிக் கொடுத்தான். அதை நெஞ்சருகே வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கோயிலிலிருந்து சிலுவையைக் கொண்டுவந்து, தீக்கு அப்பாலும் அவள் கண்ணில் படும்படி ஒரு துறவி உயர்த்திப் பிடித்தார். இயேசுவின் திருப்பெயரைச் சொல்லிக்கொண்டே அவள் உயிர் நீத்தாள். சாம்பலைச் சேன் ஆற்றில் வீசினார்கள்.

அவளைக் கண்டனம் செய்தது ஓர் ஆயர் தலைமையில் நடந்த நீதிமன்றம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மறைக்காததுதான் நம் திருச்சபையின் பெருமை. ஜோனின் தாய் இசபெல் 1455-இல், முதிய வயதில், பாரீஸ் பேராலயத்துக்கு வந்து தம் மகளுக்கு நீதி கேட்டார். திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். நூற்றுக்கும் மேற்பட்டோர் சாட்சி கூறினர். 1456 ஜூலை 7-ஆம் நாள், இதே ரூவானின் பேராயர் மாளிகையில், பழைய தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவளைப் புனிதை என அறிவித்தார்.

இன்று அவ்விடத்தில் உயர்ந்த சிலுவை ஒன்று நிற்கிறது. அருகே 1979-இல் திறக்கப்பட்ட புனித ஜோன் கோயில். கட்டடக் கலைஞர் லூயி அரெட்ஷ், கவிழ்த்த படகைப்போல் இதன் கூரையை அமைத்தார். வடகடல் வழியே கப்பலேறி வந்து நார்மண்டிக்குப் பெயர் கொடுத்த மக்களின் நினைவு அதில் தெரிகிறது. உள்ளே ஒரு பக்கச் சுவர் முழுவதும் 16-ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி! இவை செயின்ட் வின்சென்ட் என்ற வேறொரு கோயிலுக்கு உரியவை. 1939-இல் போர் மூளும் வேளையில் முன்யோசனையுடன் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1944-இல் அக்கோயில் குண்டுகளால் அழிந்தது. கண்ணாடி மட்டும் பிழைத்தது. வீடிழந்த அக்கண்ணாடிக்குப் புது வீடாகவே இக்கோயிலை வடிவமைத்தார்கள்.

கல்லில் கட்டாத ஒரு கட்டடம்

புறப்படும் முன் ரூவானின் மற்றொரு சிறப்பையும் சொல்லியாக வேண்டும். 1662-இல், இந்நகரை அடுத்த சோத்வில் என்னும் ஊரில், நிக்கோலாஸ் பாரே என்ற துறவி இளம்பெண்கள் சிலரைத் திரட்டி ஏழைச் சிறுமியருக்கு இலவசப் பள்ளி தொடங்கச் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததே குழந்தை இயேசுவின் சகோதரியர் சபை. அச்சகோதரியர் 1852-இல் பினாங்கிலும் 1854-இல் சிங்கப்பூரிலும் கன்னிமாடப் பள்ளிகளைத் திறந்தார்கள். அங்கே வாழும் தமிழ்ச் சிறுமியரும் அவற்றில் பயின்று வந்திருக்கின்றனர். பாரே 1999-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித யோவான் லசால் 1719-இல் உயிர்நீத்ததும் ரூவானில்தான். நம் தூத்துக்குடியில் அவர் பெயர் தாங்கிய பள்ளி உள்ளதை அறிவீர்கள்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாத ஒரு பெண்ணை அடையாளமிடச் செய்த அதே ஊர், இருநூற்று முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் ஏழைப் பெண்களின் கையில் புத்தகத்தைக் கொடுத்தது. ரூவானில் எழுந்த கட்டடங்களில் எது உயரமானது என்று என்னைக் கேட்டால், 151 மீட்டர் ஊசிக்கோபுரத்தைச் சொல்ல மாட்டேன்.

தோழியரே! நாள்தோறும் நாம் எளிதாகத் திறந்து மூடும் நம் பாடநூலை நாளை திறக்கும்போது, செயின்ட் உவான் கல்லறைத் தோட்டத்து மேடையில் கையில் எழுதுகோலுடன் நின்ற அந்தப் பெண்ணை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். நம்மிடம் நீட்டப்படும் எந்தத் தாளையும் படித்துப் பார்க்கும் அறிவை நமக்குத் தந்தவர்களுக்கு நன்றி கூறுவோம்.